தமிழ்ப் பக்கம் எழுத்திலிருந்து தொடங்குகிறது: கூகுள் ஃபான்ட்ஸின் தமிழ்ப் பிரிவு பற்றி ஒரு மதிப்பீடு

இணையதளம் வடிவமைப்போர் புதிய வேலை ஒன்றைக் கையில் எடுத்ததும் முதலில் திறந்து பார்ப்பது, பிறர் செய்த வடிவமைப்புகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் டிரிபிள், பிஹான்ஸ், ஆவார்ட்ஸ், பின்ட்ரெஸ்ட் போன்ற தளங்களைத்தான். நிறச் சேர்க்கைக்கும், படங்களை அடுக்கும் முறைக்கும், பக்கம் நகரும்போது அதன் உறுப்புகள் அசையும் விதத்துக்கும் அங்கே கிடைக்கும் தூண்டுதலைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்குள்ளவற்றில் பெரும்பகுதி ரோமன் எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எழுத்தை எடுத்துவிட்டுத் தமிழை வைத்த மறுகணமே பக்கத்தின் கட்டுக்கோப்பு குலைந்துவிடுகிறது. எனவே தமிழ்த் தளம் ஒன்றைத் தொடங்கும்போது காட்சித் தளங்களுக்குப் போவதற்கு முன்பாக எழுத்துருக்களைப் பார்ப்பதே என் வழக்கம். அந்த வேலைக்கு இன்று பெரும்பாலோர் நாடும் இடம், எழுத்துருக்களைக் கட்டணமின்றித் தரும் இணையச் சேவையான கூகுள் ஃபான்ட்ஸ். அதன் தமிழ்ப் பிரிவு ஒரு வடிவமைப்பாளரின் கற்பனைக்கு எந்த அளவுக்குத் தீனி போடுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கட்டுக்கோப்பு ஏன் குலைகிறது என்பதை முதலில் விளக்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்தில் ஒரு செய்தியின் தகுதியைக் காட்டப் பல கருவிகள் உண்டு: பிரிவின் பெயரைப் பெரிய எழுத்துகளில் இடைவெளி விட்டு அமைக்கலாம், மேற்கோளைச் சாய்ந்த எழுத்தில் தரலாம், படத்தின் கீழ் வரும் குறிப்பைச் சிற்றளவுப் பெரிய எழுத்துகளில் இடலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் கணினி மொழி) கட்டளை தமிழின் மேல் எந்த விளைவையும் உண்டாக்காது. சாய்வெழுத்துக்கும் நம்மிடம் நெடிய மரபு இல்லை. எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது உலாவியே நேரான எழுத்தைச் செயற்கையாகச் சரித்துக் காட்டும், அதில் சுழிகள் நசுங்கிப் போகும். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டினாலோ, கொம்பும் காலும் தாம் சேர வேண்டிய மெய்யை விட்டு விலகித் தனித்து நிற்பதுபோல் தோன்றும். இத்தனை கருவிகளும் கையை விட்டுப் போனபின் எஞ்சுபவை அளவு, தடிமன், அகலம், நிறம், வெற்றிடம் ஆகிய ஐந்துதான். இவற்றில் முதல் மூன்றும் நாம் எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தவை என்பதால், எழுத்துருத் தேர்வு தமிழ் வடிவமைப்பில் கடைசி மெருகாக இருக்க முடியாது.

கூகுள் ஃபான்ட்ஸ் 2010இல் தொடங்கப்பட்டது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துருக் குடும்பங்கள் அதில் உள்ளன; தமிழ் என்று வடிகட்டினால் எஞ்சுபவை, ஒரு பிற்பகலில் பார்த்து முடித்துவிடக்கூடிய அளவுதான். பெரும்பாலானவை எஸ்ஐஎல் என்ற அமைப்பு வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வருகின்றன. அதாவது, வணிகத் தளத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், சொந்த வழங்கியில் (சர்வரில்) வைத்துக்கொள்ளலாம், தேவைப்பட்டால் திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனிப் பொருளாக விற்கக் கூடாது. ஒவ்வொரு நாளிதழும் தனக்கென ஒரு குறியாக்கமும் (எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறை) அதற்கேற்ற எழுத்துருவும் வைத்திருந்த காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். தஸ்கி, டாப், டாம் என்று குறியாக்கங்கள் பிரிந்து கிடந்த 1990களின் கடைசியில், எழுத்துருவை முதலில் தரவிறக்கி நிறுவிக்கொண்டால்தான் ஒரு பக்கத்தைப் படிக்கவே முடியும் என்ற நிலை இருந்தது. அப்போது வடிவமைப்பாளருக்கு எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்ற ஒன்றே இருக்கவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவியபின்பும் நெடுநாள் வாசகரின் கணினியில் எது இருந்ததோ அதுவே பக்கத்தின் முகமாக இருந்தது: விண்டோஸ் என்றால் லதா, பிறகு நிர்மலா, ஆப்பிள் என்றால் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதியும் தமிழ் சங்கமும். தளத்தின் குணத்துக்கு ஏற்ப எழுத்தைத் தேடலாம் என்ற எண்ணம் தமிழ் வடிவமைப்பாளர்களிடையே பரவியதில் இந்தச் சேவைக்குப் பெரும் பங்கு உண்டு.

இதைப் பயன்படுத்துவதற்கு ஒரு முறை வேண்டும். 2003இல் கனடாவைச் சேர்ந்த டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தின் அடிப்படை எளிமையானது: பக்கத்தின் உரையையும் கட்டமைப்பையும் தாங்கும் எச்டிஎம்எல் கோப்பு எல்லாருக்கும் ஒன்றே, அதில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது, ஒப்பனைக் கோப்பை மட்டும் மாற்றி அவரவர் தம் வடிவமைப்பைச் செய்ய வேண்டும். ஒரே உரை இத்தனை முகம் கொள்ளுமா என்று உலகெங்கும் வடிவமைப்பாளர்களை அது வியக்க வைத்தது. நான் எழுத்துருத் தேர்வுக்கு அதே கட்டுப்பாட்டைக் கைக்கொள்கிறேன். நிறமும் படமும் இல்லாத ஒரு பக்கத்தில் தளத்தின் உண்மையான உரையை வைத்து, எழுத்துருவை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. உண்மையான உரை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஏதோ ஒரு திருக்குறளை ஒட்டிப் பார்த்தால் எந்த எழுத்துருவும் அழகாகத்தான் தெரியும். 'ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது' போன்ற நீண்ட சொல், அடுத்தடுத்து வரும் ண, ன, ணை, னை, ரூபாய்க் குறியோடு ஒரு விலை, நடுவே ஓர் ஆங்கிலப் பெயர், மேற்கோள் குறிகள், ஸ்ரீ, க்ஷ ஆகியவற்றையும் சேர்த்து வைத்தால்தான் அதன் உள்குணம் வெளிப்படும்.

அந்தச் சோதனையில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரிகிறதா என்பது முதலாவது. சில எழுத்துருக்களில் ரகரத்தின் கால் தெளிவாகச் சாய்ந்து இறங்கும், சிலவற்றில் சிறிய அளவில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கி, கீ போன்றவற்றில் வரும் இகரக் குறிக்கும் ஈகாரக் குறிக்கும் உள்ள வேறுபாடு மேலே சுழிக்கும் ஒரு சிறு வளையம்தான். கைபேசியில் அது அடைத்துக்கொண்டால் படிப்பவர் சொல்லை ஊகிக்க வேண்டியிருக்கும். தடித்த எழுத்தில் ணகரத்தின் சுழிகளுக்குள் வெள்ளை எஞ்சியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புள்ளி தன் எழுத்தை விட்டு அதிக உயரத்தில் மிதக்கிறதா, ஒட்டிக்கொள்கிறதா என்பதை வரியிடைவெளியோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும். ஏனெனில் மேல்வரியின் கூ, மு போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் கீழ்வரியின் புள்ளியும் ஒன்றையொன்று இடிக்கும் இடம் அதுதான். ஆங்கிலத்துக்கு ஒன்றரை மடங்கு வரியிடைவெளி தாராளம் என்றால், தமிழுக்கு நான் பெரும்பாலும் 1.7க்குக் குறைப்பதில்லை.

உடல் உரைக்கு, அதாவது தலைப்புகளுக்குக் கீழே நீண்டு ஓடும் உரைக்கு, இந்தப் பிரிவில் நல்ல தேர்வுகள் உள்ளன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மும்பையின் எக் டைப் குழு செய்த முக்தா மலர் ஏழு தடிமன்களில் கிடைக்கிறது. எழுத்துகள் அகலமாகவும் உள்வெளி திறந்தும் இருப்பதால், சிறிய திரையில் நெடுநேரம் படிக்கும் கட்டுரைகளுக்கு அது தயக்கமின்றிப் பரிந்துரைக்கத் தக்கது. அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி தந்த ஹிந்த் மதுரை ஐந்து தடிமன்களில் வருகிறது. வடிவங்கள் சற்று இறுக்கமாகவும் நேர்த்தியாகவும் இருப்பதால் படிவங்கள், அட்டவணைகள், வங்கி அல்லது அரசுச் சேவைப் பக்கங்கள் போன்றவற்றுக்கு அது நன்றாகப் பொருந்தும். நோட்டோ சான்ஸ் தமிழைப் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் தமிழர்கள் நாள்தோறும் பார்த்துப் பழகிய முகம் அது. ஒன்பது தடிமன்கள் உள்ளன, குறை சொல்ல இடமில்லை. ஆனால் பழகிய முகம் என்பதாலேயே தளத்துக்குத் தனி அடையாளம் எதையும் அது தந்துவிடாது.

கேட்டமரன் எழுத்துருவைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த இதில் ஒன்பது தடிமன்கள் உள்ளன; கோட்டின் தடிமன் எழுத்து முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராக ஓடுகிறது. தமிழ் எழுத்தின் வளைவுகளைக் குறைந்தபட்சக் கோடுகளுக்குள் கொண்டுவந்து, அதே நேரத்தில் அவற்றின் உருண்டைத் தன்மையையும் இழக்காமல் காத்த துணிச்சல் அதில் தெரிகிறது. தொழில்நுட்ப நிறுவனங்கள், கண்காட்சிகள், கட்டட வடிவமைப்பாளர்களின் தளங்கள் என நவீனச் சாயல் வேண்டப்படும் இடங்களில் பெரிய அளவில் அதை வைத்துப் பார்த்தால், தமிழில் இப்படியும் தோற்றம் கிடைக்குமா என்ற மகிழ்ச்சி உண்டாகிறது. எனினும் அதன் மெல்லிய தடிமன்களை உடல் உரைக்குப் பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. விலை குறைந்த கைபேசிகளில், வெயிலில் நின்று படிப்பவருக்கு அந்தக் கோடுகள் கண்ணுக்கே அகப்படாது. வடிவமைப்பாளரின் பெரிய திரையில் அழகாகத் தெரியும் மென்மை வாசகருக்கு இடைஞ்சலாக மாறுவது இங்கேதான்.

இந்தப் பிரிவில் என் கற்பனையை அதிகம் தூண்டியது அனேக் தமிழ். எக் டைப் குழுவே ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் ரோமனுக்கும் சேர்த்து உருவாக்கிய குடும்பத்தின் ஓர் உறுப்பு அது. மாறுநிலை எழுத்துரு என்பதால் தடிமன் 100 முதல் 800 வரையிலும், அகலம் 75 முதல் 125 விழுக்காடு வரையிலும் இடைவிடாமல் மாற்றிக்கொள்ளலாம். தமிழ் வடிவமைப்பாளருக்கு அந்த அகல அச்சு எவ்வளவு பெரிய விடுதலை என்பது, 360 புள்ளி அகலமுள்ள கைபேசித் திரையில் 'பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டுதல்கள்' என்ற தலைப்பை அடக்க முயன்றவர்களுக்கே தெரியும். ஆங்கில வடிவமைப்பிலிருந்து எடுத்த சட்டகத்தில் அத்தகைய தலைப்பு ஒன்று வந்தால், எழுத்தின் அளவைக் குறைப்பது அல்லது சொல்லைத் தாறுமாறாக உடைப்பது என்ற இரண்டு வழிகள்தாம் முன்பு இருந்தன. அளவைக் குறைத்தால் தலைப்பு தலைப்பாக இருப்பதில்லை. இப்போது அளவை அப்படியே வைத்துக்கொண்டு அகலத்தை 80 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்; திரை விரிய விரிய எழுத்தும் தானே விரியும்படி சிஎஸ்எஸில் எழுதிவிடவும் முடியும். அகலத்தை ஒடுக்கும்போது எழுத்தை இயந்திரத்தனமாக நசுக்காமல் சுழிகளைத் தனியே திருத்தி வரைந்திருக்கிறார்கள் என்பதும் பாராட்டத் தக்கது. இந்த ஒரு வசதி, தலைப்பை மையமாக வைத்துப் பக்கத்தைத் திட்டமிடும் வழியைத் தமிழுக்குத் திறந்துவிட்டிருக்கிறது.

மறுமுனையில் நிற்பது டீரோ தமிழ். கனடாவின் டீரோ டைப்வொர்க்ஸ் நிறுவனத்துக்காகப் பெர்னாண்டோ மெல்லோவும் ஃபியோனா ராஸும் உருவாக்கிய இதில், கோடுகள் தடித்தும் மெலிந்தும் மாறி மாறி ஓடுகின்றன. ஈய எழுத்தில் அச்சான பழைய நூல்களின் பக்கத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, திரையில் அதுபோன்ற ஓர் ஓட்டம் கிடைப்பது அரிது. செய்யுள், சிறுகதை, நூற்பகுதி ஆகியவற்றை இதில் அமைத்தால் வாசிப்பின் வேகமே குறைந்து நிதானப்படுவதை உணரலாம். ஆனால் தடித்த வடிவம் இதில் இல்லை. அதை அறியாமல் தலைப்புக்குத் தடிமன் கொடுத்தால் உலாவி கோடுகளைச் செயற்கையாகப் பருக்க வைத்துவிடும், அது இந்த எழுத்தின் நயத்தையே கெடுத்துவிடும். செயற்கைத் தடிமனையும் சாய்வையும் தடுக்கும் சிஎஸ்எஸ் கட்டளையை முதல் வேலையாக எழுதிவைப்பது நல்லது. தடிமன் வேறுபாடு கட்டாயம் தேவைப்படும் இடத்தில் நோட்டோ செரிஃப் தமிழை நாடலாம்; அதன் தடிமன் வரிசை நீளமானது, ஆயினும் டீரோவின் பழமைச் சுவை அதில் கிட்டாது.

கையெழுத்துச் சாயலிலும் அலங்காரத்திலும் தேர்வுகள் குறைவு, தரமும் ஏற்றத்தாழ்வானது. இலங்கையின் தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவனார் மனிதக் கையின் சாய்வை உண்மையாகவே கொண்டிருக்கிறது. நேரான எழுத்தைச் சரித்ததுபோல் அல்லாமல், எழுதும்போதே சாய்ந்ததாக இருப்பதால், மேற்கோள்களுக்கும் வாசகர் கடிதங்களுக்கும் சாய்வெழுத்தின் இடத்தில் அதை வைத்துப் பார்க்கலாம். தமிழில் சாய்வெழுத்து இல்லையே என்ற குறைக்கு நான் கண்ட சிறந்த விடை அதுதான். அவருடைய பவனம் அமைதியான எழுத்து. ஒரே தடிமனில் மட்டும் கிடைப்பது அதன் பயனைச் சுருக்கிவிடுகிறது. பலூ தம்பி சிறுவர் நூலகத்துக்கும் தின்பண்டக் கடைக்கும் பொருந்தும், வேறெங்கும் பொருந்தாது. பிரேசிலைச் சேர்ந்த மார்செலோ மகல்யாயிஸின் காய்னியும் ஏறத்தாழ அப்படித்தான். போர்ச்சுகீசிய வடிவமைப்பாளர்கள் நட்டனேல் காமாவும் ஜோவானா கொரேயாவும் செய்த அரிமா ஒரு விந்தையான படைப்பு. தமிழ் எழுத்தின் வளைவை ரோமனுக்குள்ளும் கொண்டுபோய், இரண்டையும் ஒரே கை எழுதியதுபோல் தோற்றமளிக்கச் செய்திருக்கிறார்கள். இருமொழி அழைப்பிதழ்ப் பக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமானது இந்தப் பிரிவில் இல்லை. கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மீரா இனிமையையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம். தமிழ் எழுத்துக்கு வெளியூர்க் கைகளின் பங்களிப்பு இவ்வளவு இருக்கிறது என்பது இந்தப் பட்டியலைப் புரட்டும்போது கிடைக்கும் ஒரு வியப்பு.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இலக்கிய நூல்களை வெளியிடும் சிறிய பதிப்பகம் ஒன்றின் தளத்தை வடிவமைக்கும் பணியில், நூல் தலைப்பு, ஆசிரியர் பெயர், நூலிலிருந்து ஒரு பத்தி, விலை, வாங்கும் பொத்தான் ஆகியவை ஒவ்வொரு பக்கத்திலும் இடம்பெற வேண்டியிருந்தது. நூற்பகுதியை டீரோவில் வைத்ததும் அது உடனே தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மற்றெல்லாவற்றுக்கும் முதலில் முக்தா மலரை இணைத்துப் பார்த்தேன். இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தாலும், அகன்ற முக்தா மலரில் அமைந்த நூல் தலைப்பு கைபேசியில் மூன்று வரிகளுக்கு ஓடி நூற்பகுதியைத் திரைக்குக் கீழே தள்ளிவிட்டது. அந்த இடத்தில் ஒடுங்கிய அனேக் தமிழ் வந்தது. தலைப்பு இரண்டு வரியில் அடங்கியது. அதே கோப்பிலிருந்து இயல்பு அகலத்தில் விலையும் பொத்தானும் அமைந்துவிட்டதால் மூன்றாவது எழுத்துருவுக்குத் தேவை இல்லாமல் போயிற்று. பிறகுதான் நிறத்தைப் பற்றி யோசித்தேன். டீரோவின் மெல்லிய கோடுகள் சாம்பல் நிறத்தில் கரைந்துவிடும் என்பதால் எழுத்துக்கு ஏறக்குறையக் கறுப்பும், கூசாமல் இருக்கப் பின்னணிக்குச் சற்று மங்கிய வெள்ளையும் தீர்மானமாயின. நிறம், இடைவெளி, பத்தியின் அகலம் என ஒவ்வொரு முடிவும் எழுத்திலிருந்தே கிளைத்து வந்தது. எந்தக் காட்சித் தளத்தையும் திறக்கத் தேவைப்படவில்லை.

ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும் பக்கங்களில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலத்துக்கென ஒரு தனி எழுத்துருவை எழுத்துரு வரிசையில் முதலில் வைத்து, தமிழ் எழுத்துருவை அடுத்து வைப்பது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் எண்கள், முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி, அடைப்புக்குறி எல்லாம் அந்த ஆங்கில எழுத்துருவிலிருந்தே வரும். அவற்றின் உயரமும் தடிமனும் தமிழோடு ஒட்டாமல் பக்கம் முழுவதும் சிறு சிறு உறுத்தல்களை உண்டாக்கும். மேலே சொன்ன எழுத்துருக்கள் தமக்கே உரிய ரோமன் எழுத்துகளையும் எண்களையும் சேர்த்தே கொண்டிருப்பதால், தமிழ் எழுத்துருவை முதலில் வைப்பதே நல்லது. இரண்டு எழுத்துகளையும் ஒரே அளவில் சமப்படுத்தி வரைவதில்தான் எழுத்துரு வடிவமைப்பாளரின் உழைப்பில் பாதி போயிருக்கும். அதை நாம் அறியாமல் வீணடிக்கக் கூடாது.

சேவையின் தளத்தைப் பற்றி எனக்கு மனக்குறைகள் உண்டு. எழுத்துருக்களை அது பிரிக்கும் வகைகள் ரோமன் எழுத்தின் வரலாற்றிலிருந்து வந்தவை. செரிஃப் என்றும் சான்ஸ் என்றும் பிரிப்பது முனைகளில் குறுங்கோடு உண்டா இல்லையா என்பதைப் பொறுத்தது. தமிழில் அந்தக் குறுங்கோடு எழுத்தின் இயல்பான பகுதியாக என்றும் இருந்ததில்லை. நமக்குப் பயன்படும் பிரிவு கோட்டின் தடிமன் சீரானதா, மாறுவதா என்பதும், எழுத்து அகன்றதா ஒடுங்கியதா என்பதும், சுழி திறந்ததா மூடியதா என்பதும்தாம். தமிழுக்கேற்ற அந்த வகைப்பாடு அங்கே இல்லை. மாதிரி உரையை நாமே தட்டச்சு செய்து பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் பட்டியலில் ஒற்றை வரியாகப் பார்க்கும்போது வரிகள் ஒன்றையொன்று இடிக்கின்றனவா என்பது தெரியாது. முன்பு விவரித்த சோதனைப் பக்கத்தை நாமே உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

வழங்கும் முறையிலும் ஒரு மாற்றம் வந்துவிட்டது. பல தளங்கள் ஒரே எழுத்துருவை ஒரே இடத்திலிருந்து எடுத்தால் வாசகரின் உலாவியில் அது ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும், பக்கம் விரைவாகத் திறக்கும் என்பது முன்பு சொல்லப்பட்ட ஆதாயம். 2020இல் குரோம் உலாவி தன் 86ஆவது பதிப்பிலிருந்து தற்காலிகச் சேமிப்பைத் தளவாரியாகப் பிரித்துவிட்டதால் அந்த ஆதாயம் இப்போது இல்லை. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், வாசகரின் இசைவு இல்லாமல் கூகுளின் வழங்கியிலிருந்து நேரடியாக எழுத்துருவை அழைத்ததால் அவருடைய ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய கருவியை அடையாளம் காட்டும் எண்) வெளியே சென்றது என்று கூறி, தளத்தின் உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்காகத் தளம் நடத்துவோர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். உரிமம் அனுமதிப்பதால், கோப்பைத் தரவிறக்கிச் சொந்த வழங்கியில் வைப்பதையே நான் செய்கிறேன். தேவநாகரியைப் போலக் கூட்டெழுத்துகள் பெருகிக் கிடக்காத எழுத்து தமிழ் என்பதால், வோஃப்2 என்ற இணைய எழுத்துருக் கோப்பு வடிவில் சுருக்கினால் கோப்பின் கனம் கவலைப்படும் அளவுக்கு இருப்பதில்லை.

இந்தப் பிரிவில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தின் வடிவச் செல்வம் பெரிதும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகள், கட்சி விளம்பரத்துக்குச் சுவரில் தூரிகையால் நிழல் கொடுத்து எழுதப்பட்ட எழுத்துகள், மளிகைக் கடைப் பெயர்ப்பலகைகள், பேருந்தின் நெற்றியில் ஊர்ப் பெயர் எழுதும் பாணி, கையால் வரைந்த திரைப்பட விளம்பரத் தலைப்புகள் என ஒவ்வொன்றும் ஒரு தனி எழுத்துருவுக்கான விதை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சில் இருந்த, ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் அவ்வாறே. ஐம்பதுகளின் மணம் கமழ வேண்டிய பக்கத்துக்கு அவை கிடைக்குமா என்று ஒவ்வோர் எழுத்துருவாகத் திறந்து தேட வேண்டியிருக்கிறது. தூரிகையின் ஓட்டத்தை உண்மையாகப் பிடித்த, தடித்த தலைப்பு எழுத்து ஒன்றுகூட இந்தப் பிரிவில் என் கண்ணில் படவில்லை. உடல் உரைக்கு இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள், தலைப்புக்கு உருண்டையான வேடிக்கை எழுத்துகளோடு நிறுத்திக்கொண்டது ஏமாற்றம் தருகிறது.

ஆகவே படிப்பதற்கான எழுத்துக்கும், நீண்ட சொற்களை அடக்கும் தலைப்புக்கும் வேறெங்கும் செல்ல வேண்டியதில்லை. முக்தா மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், டீரோ தமிழ் ஆகிய நான்கையும் வைத்துக்கொண்டு பெரும்பாலான தளங்களைக் கண்ணியமாகச் செய்து முடிக்கலாம். பெயர்ச் சின்னத்துக்கோ, முகப்பில் ஒரே ஒரு சொல் பெரிதாக நிற்க வேண்டிய இடத்துக்கோ இந்தப் பிரிவில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவரிடம் அந்தச் சொல்லைக் கையால் எழுதித் தரச் சொல்லி, உரிய கூலி கொடுத்து, அதைப் பெரிதாக்கினாலும் சிதையாத திசையன் கோடுகளாக மாற்றி எஸ்விஜி என்ற படக்கோப்பு வடிவில் பக்கத்தில் பதித்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானுக்காக அதே சொல்லை மாற்று உரையாகவும் எழுதிவைக்க வேண்டும்.